மூச்சுக் காற்றில் வரும் புது நோய்

(ஒரு கிராமப் படிப்பகத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் பேசியது)



இன்று நம்மைப் பேசும்படி கேட்டுக்கொண்ட விஷயம், காற்றில் பரவுகிற புதிய தொத்துநோய் என்பது என்ன, அதிலிருந்து நம்மைக் காத்துக்கொள்ளுவது எப்படி என்பதாகும். "வைத்தியர் பேசவேண்டியதை இவர்கள் ஏன் பேசவேண்டும்?" என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். நியாயமான கேள்விதான். நாம் வைத்தியரல்ல; யாருக்கும் மருந்து எழுதிக்கொடுக்க இங்கு வரவில்லை. ஆனால் 2020, 2021 ஆகிய இரண்டு வருஷங்களிலும் நம் ஜனங்கள் பட்ட பாட்டைக் கண்ணால் பார்த்திருக்கிறோம். நோயால் செத்தவர்கள் ஒருபக்கம் இருக்க, அந்த நோயைப்பற்றிய அறியாமையாலும், பயத்தாலும், வெட்கத்தாலும், வதந்தியாலும் செத்தவர்களும் உண்டு. நோயைப் பார்த்துக்கொள்ள வைத்தியர் இருக்கிறார். மற்றவைகளைப் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்?

நடந்ததை முதலில் சுருக்கமாக ஞாபகப்படுத்துகிறோம். 2019-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் சீனாவில் வூஹான் என்னும் பட்டணத்தில் காரணம் தெரியாத நிமோனியாக் காய்ச்சல் சிலருக்குக் கண்டது. அவ்வூரில் லீ வென்லியாங் என்ற கண் வைத்தியர் ஒருவர் டிசம்பர் 30-ந் தேதி தம்மோடு படித்த வைத்தியர்களுக்கு, ஜாக்கிரதையாக இருக்கும்படி செய்தி அனுப்பினார். அதற்கு அவருக்குக் கிடைத்த சன்மானம் என்ன தெரியுமா? ஜனவரி 3-ந் தேதி போலீசார் கூப்பிட்டு, பொய்ச் செய்தி பரப்பினதாகக் கண்டித்து, கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். பிப்ரவரி 7-ந் தேதி அதே நோயினால் அவர் இறந்துபோனார். சொன்னவன் வாயை அடைத்தால் நோயை அடைத்துவிடலாம் என்று எண்ணினார்கள் போலும்! நோய் அடைபடவில்லை. ஜனவரி 30-ந் தேதி கேரளத்திலும், மார்ச்சு 7-ந் தேதி நம் தமிழ்நாட்டிலும் முதல் நோயாளி தெரிந்தார். மார்ச்சு 25 முதல் இந்தியா தேசமே கதவடைத்துக்கொண்டு உட்கார்ந்தது. 2023 மே 5-ந் தேதி உலக சுகாதார நிறுவனம், அவசர நிலைமை தீர்ந்தது என்று சொன்னபோது உலகத்தில் கணக்கில் வந்த சாவு மாத்திரம் சுமார் 70 லட்சம். கணக்கில் வராதவைகளையும் சேர்த்து, 2020, 2021 ஆகிய இரண்டே வருஷங்களில் சுமார் 1 கோடியே 49 லட்சம் பேர் அதிகப்படியாக இறந்திருக்கவேண்டுமென்று அந்நிறுவனம் மதிப்புப் போட்டது. அதில் இந்தியாவின் பங்கு 47 லட்சம் என்றது. இந்திய சர்க்கார் அதை ஒப்புக்கொள்ளவில்லை. சர்க்கார் கணக்கு 5 லட்சத்துக்குச் சற்று மேல். இந்த வழக்கு ஒருபுறமிருக்கட்டும். 2021 மே மாதத்தில் சுடுகாட்டு வாசலில் பிணத்தை வைத்துக்கொண்டு முறைக்காகக் காத்திருந்தவர்களுக்கு எந்தக் கணக்கு சரியென்று நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

அக்கிருமி இன்னும் உலகத்தை விட்டுப் போய்விடவில்லை. நாளைக்கு இன்னொன்று வராது என்று யாரும் உறுதி கொடுக்கவும் முடியாது. 1918-ல் இன்புளூயன்ஸா பம்பாயில் இறங்கி, இந்தியாவில் மாத்திரம் ஒரு கோடிக்கு மேற்பட்ட ஜனங்களைக் கொண்டுபோயிற்று. ஆகவே போன நோயைப்பற்றிப் பேசுவது வரப்போகிற நோய்க்காகத்தான்.

சரி, வைரஸ் என்பது என்ன? அது பேயுமல்ல, பிசாசுமல்ல, யாரும் ஏவிவிட்டதுமல்ல. கொழுப்பினால் ஆன ஒரு மெல்லிய உறை. அதற்குள்ளே தன்னைப்போல் இன்னொன்று செய்வது எப்படி என்கிற குறிப்பு அடங்கிய ஒரு இழை. உறைக்கு மேலே முள் முள்ளாகச் சில கொம்புகள். இவ்வளவுதான் கொரோனா. ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் சுமார் 10,000 கிருமிகளை வரிசையாக அடுக்கலாம் என்றால் அதன் சிறுமையைப் பார்த்துக்கொள்ளுங்கள். தானாகத் தின்னாது, தானாகக் குட்டி போடாது. நம் மூக்கிலும், தொண்டையிலும், நுரையீரலிலும் உள்ள உயிரணுக்களின்மேல் அந்தக் கொம்பு பூட்டில் சாவி பொருந்துவதுபோல் பொருந்தி, உள்ளே நுழைந்து, அந்த அணுவையே தனக்கு வேலையாளாக்கித் தன்னைப்போல் ஆயிரக்கணக்கில் செய்யச் சொல்லுகிறது. புதுக்கிருமி என்பதற்கு அர்த்தம் என்னவென்றால், நம் உடம்பு அதை இதற்கு முன் சந்தித்ததில்லை, எதிர்க்கப் பழகியதில்லை என்பதுதான். பாக்டீரியாவைக் கொல்லுகிற ஆண்டிபயாடிக் மாத்திரை வைரசைத் தொடாது. மருந்துக்கடைக்குப் போய் "நாலு மாத்திரை கலந்து கொடு" என்று வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் இதைத் தயவுசெய்து காதில் போட்டுக்கொள்ளவேண்டும்.

இவ்வளவும் தெரிந்த காலத்தில், 2021 மே மாதத்தில், கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் இருகூரில் "கொரோனா தேவி" என்று சிலை செய்துவைத்துப் பூசை நடத்தினார்கள். தோழர்களே, சிரிக்காதீர்கள். நம் தாத்தா பாட்டிமார்கள் பெரியம்மையை "அம்மா வந்திருக்கிறாள்" என்று சொல்லி வேப்பிலை கட்டினவர்கள்தானே? அவர்கள்மேல் குற்றமில்லை, அவர்களுக்கு வேறு சொல்ல ஆளில்லை. ஆனால் அந்த அம்மா எப்படிப் போனாள்? கூழ் ஊற்றிப் போனாளா? ஊசி குத்திப் போனாள். 1796-ல் இங்கிலாந்தில் ஜென்னர் ஆரம்பித்த வேலை, 1975-ல் இந்தியாவிலும், 1980-க்குள் உலகம் முழுவதிலும் முடிந்தது. பெரியம்மை போன வழி கண்ணெதிரே இருக்க, கொரோனாவுக்குச் சிலை வைப்பவர்களை என்னவென்று சொல்லுவது!

இனி முக்கியமான விஷயத்திற்கு வருவோம். இந்தக் கிருமி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு எப்படிப் போகிறது? இது தெரிந்தால் காத்துக்கொள்ளும் வழி பாதி தெரிந்த மாதிரி. இதில் பெரிய பெரிய நிபுணர்களே தவறிவிட்டார்கள் என்பதையும் நாம் மறைக்கப்போவதில்லை. இருமும்போது தெறிக்கிற எச்சில் துளிகளாலும், தொட்ட கையாலும்தான் பரவுகிறது, காற்றில் பரவுவதல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சு 28-ந் தேதி அழுத்தமாகச் சொல்லிற்று. உடனே நாமெல்லாம் என்ன செய்தோம்? காய்கறியைச் சோப்புத் தண்ணீரில் முக்கினோம். பால் பாக்கெட்டைக் கழுவினோம். தெருவெல்லாம் மருந்து தெளித்தோம். வட நாட்டில் பரேலியில் ஊர் திரும்பிய கூலித் தொழிலாளிகளை உட்காரவைத்து அவர்கள்மேலேயே வெளுப்புத் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தார்கள். அதே சமயத்தில் கதவையும் சன்னலையும் இறுக மூடிக்கொண்டு ஒரே அறையில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தோம்!

அமெரிக்காவில் வாஷிங்டன் மாகாணத்தில் மவுண்ட் வெர்னன் என்ற ஊரில் 2020 மார்ச்சு 10-ந் தேதி ஒரு பாட்டுக் கோஷ்டியார் ஒத்திகைக்காகக் கூடினார்கள். வந்தவர் 61 பேர். வாசலில் கை துடைக்க மருந்து வைத்திருந்தார்கள், கட்டித் தழுவிக்கொள்ளவில்லை. இரண்டரை மணி நேரம் ஒரு மண்டபத்தில் சேர்ந்து பாடினார்கள். அவர்களில் ஒருவருக்கு மாத்திரம் ஜலதோஷம் போல இருந்தது. பிறகு பார்த்தால் 53 பேருக்கு நோய். இரண்டு பேர் இறந்துபோனார்கள். ஒருவர் எச்சில் 50 பேர்மேல் தெறிக்குமா? சீனாவில் குவாங்சௌ பட்டணத்தில் 2020 ஜனவரி 24-ந் தேதி ஒரு ஓட்டலில் பக்கத்துப் பக்கத்து மேஜைகளில் சாப்பிட்ட மூன்று குடும்பத்தாரில் 10 பேருக்கு நோய் கண்டது. சன்னல் இல்லாத அந்த இடத்தில் ஏசி மெஷின் ஒரே காற்றைத் திரும்பத் திரும்பச் சுற்றிவிட்டுக்கொண்டிருந்தது. இவைகளையெல்லாம் எடுத்துக்காட்டி 2020 ஜூலையில் 239 விஞ்ஞானிகள் கையெழுத்துப்போட்டு, காற்றில்தான் பரவுகிறது என்று முறையிட்டார்கள். 2021-ல் அந்நிறுவனமும் ஒப்புக்கொண்டு எழுதிற்று. காலதாமதம்தான், அந்தத் தாமதத்தில் போன உயிர்களுக்குப் பதில் சொல்லுவாரில்லை. ஆனாலும் ஒன்று பாருங்கள். தப்பென்று ருசுவானதும் திருத்திக்கொள்ளுகிற பழக்கம் விஞ்ஞானத்திடம் இருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு முன் எழுதினதை ஒரு எழுத்தும் மாற்றமாட்டோம் என்கிறவர்களிடம் அது இருக்கிறதா?

இதை எளிதில் தெரிந்துகொள்ள ஒரு வழி சொல்லுகிறோம். ஒரு தோழர் மூடின அறையில் மூலையில் உட்கார்ந்து பீடி குடிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிர் மூலையில் இருக்கிறவருக்கு நாற்றம் வருமா வராதா? ஆறடி தள்ளி உட்கார்ந்தால் கொஞ்சம் குறையும்; நின்றுவிடாது. அவர் எழுந்துபோன பிறகும் புகை அறையில் தொங்கும். அதே பீடியை வயல் வரப்பில் உட்கார்ந்து குடித்தால் பத்தடியில் தெரியாது. நோயாளியின் மூச்சும் அப்படித்தான். மூச்சு விடும்போதும், பேசும்போதும், பாடும்போதும், கத்தும்போதும் மிக நுண்ணிய துளிகள் புகையைப்போல் கிளம்பி மிதக்கின்றன. பீடிப் புகையைக் கண்டு ஒதுங்குகிறோம். இந்தப் புகை கண்ணுக்குத் தெரிவதில்லை. அதிலும் இந்த நோயில் பெரிய சங்கடம், காய்ச்சல் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாளைக்கு முன்பே ஒருவர் பிறருக்குக் கொடுக்க ஆரம்பித்துவிடுவார் என்பதாகும். அவருக்கே தெரியாது. நோயாளி என்று யார் நெற்றியிலும் எழுதி ஒட்டியிராது.

ஆகையால் காத்துக்கொள்ளுவதில் முதல் காரியம் சன்னலைத் திறப்பது. இதற்குக் காலணா செலவில்லை. எதிரெதிர்ச் சன்னல்கள் இரண்டைத் திறந்தால் காற்று ஓடும். நம் பழைய வீடுகளில் திண்ணையும் முற்றமும் வைத்தார்களே, நோய்க் காலத்தில் வந்தவர்களைத் திண்ணையிலேயே உட்காரவைத்துப் பேசி அனுப்புங்கள். அதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. கல்யாணத்தை ஏசி மண்டபத்தில் வைத்தால்தான் கௌரவம் என்பதை நோய் உள்ள காலத்திலாவது மறந்து, பந்தலில் வையுங்கள். மழைக்காகப் பஸ்ஸில் ஷட்டரை இறக்கிவிட்டுக்கொண்டு அறுபது பேர் போகும்போதும், சன்னலே இல்லாத கர்ப்பக்கிரகத்தின் முன்னால் நெரித்துக்கொண்டு நிற்கும்போதும், எல்லோரும் எல்லோருடைய மூச்சையும் இழுத்துக்கொண்டிருக்கிறோம் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது முகக்கவசம். நம்மில் பலர் அதைத் தாடிக்குக் கோவணம் கட்டினதுபோல் கட்டிக்கொண்டு திரிந்தோம். போலீஸ்காரருக்காகக் கட்டினால் அப்படித்தான் இருக்கும். மூக்கு மூடவேண்டும், ஓரத்தில் சந்து இருக்கக்கூடாது. துணியைவிட ஆஸ்பத்திரியில் கட்டுகிற கவசம் மேல்; அதைவிட என்-95 மேல். அது வெறும் சல்லடை அல்ல. அதன் இழைகளில் மின்சார ஈர்ப்பு இருப்பதால் நுண்துளிகளை இழுத்து ஒட்டவைத்துக்கொள்ளும். சோப்புப் போட்டுத் துவைத்தால் அந்தச் சக்தி போய்விடும். இருமுகிறவர் கட்டினால் ஊருக்கு லாபம். இருமாதவர் கட்டினால் அவருக்கு லாபம். கை கழுவுவதையும் விட்டுவிடச் சொல்லவில்லை. கிருமியின் உறை கொழுப்பு என்றோமே, எண்ணெய்ப் பாத்திரத்தில் சோப்பு செய்கிற வேலையையே அதனிடமும் செய்து உடைத்துவிடும். வயிற்றுப்போக்கு முதலான மற்ற நோய்களுக்கும் அது நல்லதே. கபசுரக் குடிநீர் குடித்தால் என்ன என்று கேட்பீர்கள். குடிக்கிறவர் குடிக்கட்டும், வெந்நீர் தொண்டைக்கு இதம். ஆனால் "குடித்துவிட்டேன், இனி ஒன்றும் வராது" என்று கவசத்தைக் கழற்றிவிடாதீர்கள். அது நோயைத் தடுக்கும் என்பதற்கு ருசு இல்லை.

இன்னொரு விஷயம். அந்தக் காலத்தில் "சமூக இடைவெளி" என்ற ஒரு வார்த்தை வழங்கிற்று. இதைக் கேட்டவுடன் சிலருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "பார்த்தீர்களா, நம் பெரியவர்கள் தொடாதே, எட்டி நில் என்று வைத்தது இதற்காகத்தான்" என்று பேச ஆரம்பித்தார்கள். நாம் கேட்கிறோம்: நோய்க்கான விலகல் பத்து நாளில் தீர்ந்துபோகுமே, அவர்கள் சொன்ன விலகல் எத்தனை தலைமுறையில் தீர்ந்தது? நோய்க்கான விலகல் காய்ச்சல்காரன் யாராயிருந்தாலும் அவனிடமிருந்து. அவர்களுடையதோ பிறந்த குழந்தையிடமிருந்தும் அல்லவா? ஊரெல்லாம் கதவடைத்திருந்த நாளில், நோயாளி வீட்டுக் குப்பையைச் சரியான கவசமும் கையுறையும் இல்லாமல் அள்ளினவர்கள் யார்? எட்டி நில் என்று எவர்களைச் சொன்னார்களோ அவர்கள்தானே! வேண்டியது உடம்புக்கு உடம்பு இடைவெளி. சமூகத்துக்குச் சமூகம் இடைவெளி நம் நாட்டில் ஏற்கனவே வேண்டிய மட்டும் இருக்கிறது.

மதத்தின்பேரிலும் இப்படியே. 2020 பிப்ரவரியில் தென் கொரியாவில் தேகு நகரத்தில் ஒரு கிறிஸ்தவ சபைக் கூட்டத்தில் பரவியது. மார்ச்சில் டில்லியில் ஒரு முஸ்லிம் மாநாட்டில் பரவியது. 2021 ஏப்ரலில் ஹரித்வாரத்தில் கும்பமேளாவில் பரவியது. மூன்று கடவுள்களும் தத்தம் பக்தர்களைக் காப்பாற்றவில்லை என்பது ஒன்று. கூட்டம் கூடினதால் பரவிற்றேயொழிய, கும்பிட்ட திசையால் பரவவில்லை என்பது மற்றொன்று. டில்லிச் செய்தி வந்ததும் முஸ்லிம் வியாபாரியிடம் காய் வாங்காதே என்றார்களே, அது முதலாவதைவிட மோசமான மூடத்தனம்.

2020 ஏப்ரலில் நம் சென்னையில் நடந்ததைச் சொல்ல வெட்கமாயிருக்கிறது. நோயாளிகளுக்கு வைத்தியம் பார்த்த ஒரு பெரிய டாக்டர் அந்நோயால் இறந்தார். அவர் உடலைப் புதைக்கக்கூடாதென்று கூட்டம் கூடிக் கல்லாலும் கட்டையாலும் ஆம்புலன்சை அடித்து, உடன் வந்தவர்களை ரத்தக் காயத்தோடு விரட்டிற்று. பிணம் மூச்சு விடுமா, தோழர்களே? எட்டடி ஆழத்திலிருந்து கிருமி எழுந்து வருமா? மூச்சில் பரவுகிற நோய் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தால், புதைகுழியைவிடத் தாங்கள் நெருக்கிக்கொண்டு நின்ற கூட்டமே ஆபத்து என்று தெரிந்திருக்கும்.

இந்தப் பயத்தின் பலன் எங்கே போய் முடிகிறது என்பதற்கு நாம் நேரில் கண்ட ஒன்றைச் சொல்லுகிறோம். நமக்குத் தெரிந்த தறிக்காரர் ஒருவர். வயது ஐம்பதுக்கு மேல். சர்க்கரை வியாதி உண்டு. 2021 மே மாதத்தில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. சொன்னால் வாசலில் தகரம் அடித்துவிடுவார்கள், மகளுக்குப் பேசியிருந்த சம்பந்தம் நின்றுபோகும் என்று ஆறு நாள் மறைத்துவிட்டார். நாமும் தெருவில் பார்த்து, "என்ன இருமல் பலமாயிருக்கிறதே, கொரோனாவா?" என்று கேலியாகக் கேட்டவர்களில் ஒருவர்தான். "தூசி" என்று சொல்லிவிட்டுப் போனார். ஏழாம் நாள் யாரோ ஆக்சிமீட்டரைக் கொண்டுவந்து விரலில் மாட்டியபோது 78 காட்டிற்று. 94-க்குக் கீழே போனாலே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். அவரோ "எனக்கு ஒன்றுமில்லை" என்று சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். மூச்சுத் திணறல் தெரியாமலே ரத்தத்தில் பிராணவாயு குறைந்துபோவது இந்நோயின் சூழ்ச்சி. ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைக்க ஒரு பகலாயிற்று. மூன்றாம் நாள் போய்விட்டார். மூன்றாம் நாளே வாயைத் திறந்திருந்தால் பிழைத்திருக்கலாம். அவர் வாயை அடைத்ததில் நம் கேலிக்கும் பங்கு உண்டு.

ஆகவே காய்ச்சல் கண்டால் சொல்லுங்கள்; சொன்னவனைத் துரத்தாதீர்கள். காற்றோட்டமான தனி அறை, முகக்கவசம், வாசலில் கொண்டுபோய் வைக்கிற சாப்பாடு, காலை மாலை விரலில் மாட்டிப் பார்க்கிற ஆக்சிமீட்டர் இவ்வளவு போதும் பெரும்பாலோர்க்கு. மூச்சு வாங்கினாலும், நெஞ்சு வலித்தாலும், பேச்சுக் குழறிப் புத்தி தடுமாறினாலும், உதடு நீலம் பாய்ந்தாலும் ஒரு நிமிஷமும் யோசிக்கக்கூடாது. வயதானவர்கள், சர்க்கரைக்காரர்கள், இருதய வியாதிக்காரர்கள் விஷயத்தில் இன்னும் அவசரம்.

மருந்தைப்பற்றி ஒன்று. 2020-ல் மலேரியா மாத்திரையான ஹைட்ராக்சிகுளோரோகுயினை அமெரிக்கா ஜனாதிபதியே புகழ்ந்தார். இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப்போட்டதுபோல் பிரித்து, ஒரு பகுதியாருக்குக் கொடுத்தும் மற்றவர்களுக்குக் கொடுக்காமலும் பார்த்தார்கள். பிரயோசனமில்லை என்று தெரிந்தது. அதே சோதனையில் டெக்சாமெத்தசோன் என்ற பழைய மலிவான மருந்து, மூச்சுக் கருவி வைக்கப்பட்டவர்களில் சாவை மூன்றில் ஒரு பங்கு குறைப்பதாகத் தெரிந்தது. ஜனாதிபதி சொன்னது பொய்யாயிற்று, கணக்கு சொன்னது மெய்யாயிற்று. ஆனால் பிராணவாயு தேவைப்படாத ஆரம்ப நிலையில் அது நன்மை செய்யாது என்பதையும் அதே சோதனை காட்டிற்று. அதைக் கேளாமல் நம் நாட்டில் கண்டபடி ஸ்டீராய்டு கொடுத்ததும், கட்டுக்கடங்காத சர்க்கரை வியாதியும் சேர்ந்து, 2021-ல் கருப்புப் பூஞ்சை நோய் வந்து பலர் கண்ணை இழந்தார்கள்.

தடுப்பூசி 2021 ஜனவரி 16-ந் தேதி இந்தியாவில் ஆரம்பமாயிற்று. அவ்வருஷம் ஏப்ரலில் ஜனங்களின் அன்பைப் பெற்ற ஒரு நகைச்சுவை நடிகர் ஊசி போட்டுக்கொண்ட இரண்டாம் நாள் மாரடைப்பால் இறந்தார். உடனே ஊசிதான் கொன்றது என்று ஊரெல்லாம் பேச்சு. பிறகு ஆராய்ந்த நிபுணர் குழு, ஊசி காரணமல்ல என்றது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. ஊசியால் ஒருவருக்கும் ஒன்றும் வராது என்று நாம் சொல்லமாட்டோம்; கோவிஷீல்டு போன்ற ஊசியால் மிக அபூர்வமாக ரத்தம் உறைந்தவர்கள் உண்டு. ஊசி போட்டவருக்கும் நோய் வரத்தான் செய்கிறது. ஆனால் அவர் ஆஸ்பத்திரிக்குப் போவதும் சாவதும் வெகுவாகக் குறைகிறது. முதல் ஒரு வருஷத்தில் 185 தேசங்களில் தடுப்பூசி காத்த உயிர் சுமார் 1 கோடியே 44 லட்சம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இரண்டையும் தராசில் வைத்து நீங்களே நிறுத்துப் பாருங்கள்.

நேரமாகிவிட்டது. நாம் சொன்னவற்றில் சந்தேகமுள்ளவர்கள் கேட்கலாம். கூச்சப்படுகிறவர்களுக்காக மேஜைமேல் துண்டுக் காகிதமும் பென்சிலும் வைத்திருக்கிறது, எழுதி அனுப்பினால் தெரிந்ததைச் சொல்லுகிறோம். அதற்கு முன் ஒரு வேண்டுகோள். பின்வரிசைத் தோழர்களுக்குப் பக்கத்திலுள்ள இரண்டு சன்னல்களும் நாம் பேச ஆரம்பித்ததிலிருந்து மூடியே இருக்கின்றன; அவற்றைத் திறந்துவிடுங்கள்.